டிவி பார்க்க எல்லாருமா வந்தோம்?

வணக்கம் அம்மா,

சிங்கப்பூரில், ஈசூனில் எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் காலை உடற்பயிற்சி வகுப்புக்குப் போகிறேன். முட்டி வலி இருக்கிறது, ஆனாலும் போகிறேன். கொவிட் காலத்தில் ஸூமில் தொடங்கிய ஆன்லைன் வகுப்பை இன்னும் நேரடி வகுப்போடு சேர்த்தே நடத்துகிறார்கள். பயிற்றுநர் எங்களைவிடக் கைப்பேசியைத்தான் அதிகம் பார்க்கிறார். வீட்டிலிருந்து சேர்கிறவர்களில் பாதிப்பேர் கேமராவைக்கூடத் திறப்பதில்லை. இந்தச் சோம்பேறித்தனத்துக்கு எதற்குச் சலுகை? அந்தக் காலத்தில் டிவி பார்க்கவே எல்லாரும் சமூக நிலையத்துக்கு நடந்து வந்தோமே! ஆன்லைன் வகுப்பை நிறுத்த வேண்டும் என்று மன்றத்துக்கு எழுதப்போகிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் முட்டி. பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டாமல் குந்தி எழுந்துகொண்டிருந்தால் அது வீரம் இல்லை, வீம்பு.

பயிற்றுநர் கைப்பேசியையே பார்க்கிறார் என்பது நியாயமான குறைதான். ஒரே ஆளை ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு எடுக்கச் சொன்னால் அப்படித்தான் ஆகும். அதற்கு அவரைக் கோபித்துப் பயனில்லை. செலவு, வாடகை, இணைய வேகம் எல்லாம் மன்றத்தின் கவலை, விடுங்கள். இதைப் பற்றியெல்லாம் நான் எழுத உட்காரவில்லை. நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த டிவி என்னைத் தூங்கவிடவில்லை.

1963 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூரில் தொலைக்காட்சி தொடங்கியது. வீட்டில் பெட்டி வாங்க வசதியுள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். மக்கள் கழகம் 1960லேயே வந்துவிட்டதால், அதன் சமூக நிலையங்களில் பெட்டி வைத்தார்கள். எங்கள் கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, பக்கத்து நிலையத்தில் அது கதவு வைத்த மர அலமாரிக்குள் இருந்தது. பொறுப்பாளர் சாவியோடு வந்து திறக்கும்வரை பிள்ளைகள் சிமெண்டுத் தரையில் இடம்பிடித்துச் சண்டை போட்டுக்கொண்டிருப்போம். அப்பா பின்வரிசையில் நிற்பார். கூடத்தில் எள் விழ இடமிருக்காது.

என் அம்மா வந்ததில்லை. பாட்டி படுத்த படுக்கையாக இருந்தார். பொதுக்குழாயில் கூட்டம் குறைகிற நேரமும் அதுதான், அம்மா வாளிகளோடு போய்விடுவார். நான் திரும்பியதும், "இன்னிக்கு என்னடி காட்டினான்?" என்பார். பாட்டியைப் புரட்டி முதுகைத் துடைத்தபடியே, நான் நடித்துக் காட்டுவதைப் பார்ப்பார். பாட்டிக்கும் சிரிப்பு வரும். வீட்டுக்குச் சொந்தமாக ஒரு பழைய பெட்டி வந்தது, தோ பாயோ வட்டாரத்துக்குக் குடிமாறிய பிறகு. அதற்குள் பாட்டி போய்விட்டிருந்தார்.

கூடம் நிறைந்திருந்தது உங்களுக்கு நினைவிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் கூடத்துக்குள் இருந்தீர்கள். வர முடியாதவர்களை அன்றைக்கு யாரும் எண்ணவில்லை. 2020இல் ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை சர்க்கிட் பிரேக்கர் என்ற கொவிட் முடக்கத்தில் நம் எல்லாரையும் வீட்டில் உட்கார வைத்தார்கள். ஓடியாடுகிறவரும் படியிறங்க முடியாதவரும் அப்போதுதான் ஒரே வகுப்பில் இருந்தார்கள். கதவு திறந்ததும் நாம் வெளியே ஓடி வந்துவிட்டோம். இன்னும் ஸூமில் இருக்கிறவர்கள் யார் என்று ஒருநாளாவது கேட்டீர்களா?

எனக்குத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மாவுக்கு மறதிநோய். கைப்பேசியை ரைஸ் குக்கர்மேல் சாய்த்துவைத்துப் பயிற்சி செய்வாள். அம்மா பக்கத்து நாற்காலியில் இருந்து, நினைத்தால் கையைத் தூக்குவார், நினைத்தால் சட்டைப் பொத்தானைக் கழற்றுவார். அதனால்தான் அவள் கேமராவைத் திறப்பதில்லை. இவளைத்தான் சோம்பேறி என்கிறீர்கள். இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறாள் என்று உங்களுக்குத் தெரியுமா? பேருந்து ஓட்டிய மனிதர் நீங்கள், தூங்காத உடம்பு என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களில் நான்கில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குப் பக்கத்தில் இப்படி ஒருத்தி வீட்டோடு கட்டுண்டு கிடப்பாள். பெரும்பாலும் மகள்தான். மகனைப் பற்றி எழுதினால் இன்னொரு சண்டை வரும்.

எல்லாவற்றையும் ஸூமில் நடத்தலாம் என்று நான் சொல்லவில்லை. 65 தாண்டியவர்கள் வாரத்துக்கு மூன்று நாளாவது தசை வலுவுக்கும் உடல் சமநிலைக்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது. ஆள் துணையில்லாமல் கைப்பேசி முன்னால் ஒற்றைக்காலில் நிற்பது விளையாட்டல்ல, விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். அதற்குக் கூடம்தான் சரி, பிடித்துக்கொள்ள ஆளும் வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து செய்கிறவற்றை ஸூமுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சரி, மன்றத்துக்கு எழுதத்தான் போகிறீர்கள் என்றால், நிறுத்தச் சொல்லி எழுதாதீர்கள். ஸூமுக்குத் தனி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள், பயிற்றுநருக்கு அதற்குத் தனிச் சம்பளமும் கேளுங்கள். உங்கள் கூடத்து வகுப்பு அப்போது உங்களுக்கே கிடைக்கும். அந்தக் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம்.