ஒஷீரேவுக்குள் இருக்கும் அந்தக் குடை

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான். ஜப்பானில், கியோட்டோவில் மலிவாகக் கிடைத்த ஒரு பழைய மரவீட்டுக்குக் குடிபோய் ஒரு மாதம் ஆகிறது. படுக்கை மடித்து வைக்கும் சுவர் அலமாரியான ஒஷீரேவுக்குள் ஒரு காகிதக் குடையும், கண்ணாடிப் பெட்டியில் கிமோனோ கட்டிய பொம்மையும் கிடந்தன. குப்பையில் போட்டுவிடலாமா என்று ஆபீஸில் கேட்டால், "பார்த்து, சுகுமோகாமி ஆகிவிடப் போகிறது" என்று சிரித்தார்கள். அன்றிலிருந்து ராத்திரி வீடு கிறீச்சென்றாலே தூக்கம் போய்விடுகிறது.

முதலில் அந்தச் சத்தத்தை முடித்துவிடுவோம். ஹீட்டரைப் போடுகிறீர்கள், காற்று வறள்கிறது, பழைய மரம் சுருங்கி முனகுகிறது, அவ்வளவுதான். அதற்கும் இவர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: யானாரி. குட்டிப் பேய்கள் கூட்டமாக நின்று வீட்டை உலுக்குவதாகப் படம்கூட உண்டு. நானும் என் முதல் குளிர்காலத்தில் விளக்கை அணைக்காமல்தான் தூங்கினேன், வெட்கப்பட வேண்டாம்.

சுகுமோகாமி கதை வேறு. நூறு வருஷம் புழங்கிய பண்டத்துக்கு உயிர் வந்துவிடும் என்பது நம்பிக்கை. 'சுகுமோ' என்றால் தொண்ணூற்றொன்பது, நூறுக்கு ஒன்று குறைவு என்று விளக்கம் சொல்வார்கள். முரோமாச்சி காலத்து, அதாவது பதினான்கு முதல் பதினாறாம் நூற்றாண்டு வரையான காலத்து, படச்சுருள் ஒன்றில் முழுக்கதையும் இருக்கிறது. வருஷக் கடைசியில் ஒட்டடை அடிக்கும்போது, நூறைத் தொடும் முன்பே பழைய சாமான்களைத் தெருவில் வீசிவிடுவது வழக்கமாம். நம்ம போகி மாதிரிதான், என்ன, எரிப்பதில்லை. அப்படி வீசப்பட்ட சாமான்கள் கூடிப் பேசுகின்றன: இத்தனை வருஷம் உழைத்தோமே, ஒரு நன்றிகூட இல்லாமல் மாடும் குதிரையும் மிதிக்கிற இடத்தில் போட்டுவிட்டார்களே என்று. கோபம் தூக்கிப் போட்டதில்கூட இல்லை, போட்ட விதத்தில்தான்.

கூட்டத்தில் ஒரு ஜெபமாலை மட்டும், பழிவாங்க வேண்டாம், பொறுத்துப் போவோம் என்கிறது. அதை அடித்துத் துரத்துகின்றன. வசந்தம் பிறக்கும் முந்தின நாள் ராத்திரி, செட்சுபுன் அன்று, எல்லாம் பேயாக மாறி, ஃபுனாஓகா மலைக்குப் பின்னால் குடியேறுகின்றன. உங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம், இப்போது பூங்கா. அங்கிருந்து ஊருக்குள் இறங்கி ஆளையும் மாட்டையும் தின்கின்றன, குடிக்கின்றன, சூதாடுகின்றன. நடுவில் உட்கார்ந்து கவிதையும் எழுதுகின்றன! கியோட்டோ பேய் இல்லையா. கடைசியில் புத்த மந்திர சக்தியிடம் தோற்று, அடித்துத் துரத்திய அந்த ஜெபமாலையையே தேடிப் போய், மொட்டை போட்டுத் துறவியாகி முக்தி அடைகின்றன. ஷிங்கோன் பிரிவின் பெருமையைச் சொல்ல எழுதிய கதை என்பது படித்தாலே தெரியும். தானியக் குதிருக்கும் குடத்துக்கும்கூட முக்தி உண்டென்றால் மனுஷனுக்கு இல்லாமலா போகும் என்கிற கணக்கு.

ஒற்றைக் கண், ஒற்றைக் கால், நாக்கைத் தொங்கவிட்ட அந்தக் குடைப்பேய் எடோ காலத்து (பதினேழு முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை) படங்களிலும் மேடைகளிலும் பிள்ளைகள் விளையாட்டிலும் பிரபலமானது. இன்ன ஊரில் இன்னாரைப் பிடித்தது என்று அதற்குக் கதை சொல்பவர் அபூர்வம். 1784-ல் டோரியாமா செகியென் என்ற ஓவியர் பண்டப்பேய்களை வரிசையாக வரைந்து ஒரு தொகுப்பே போட்டார். பாதி அவர் கற்பனை, சொல் விளையாட்டு. ஆகவே குடைக்குப் பயப்படாதீர்கள்.

ஆனால் கறுப்பு மையில் "குப்பை" என்று எழுதி வாசலில் வைத்துவிடவும் வேண்டாம். நான் செய்த கூத்தைச் சொல்கிறேன். வந்த புதிதில், விளிம்பு உடைந்த கஞ்சிக் கிண்ணங்கள் நாலைந்தை ஏதோ ஒரு குப்பைப் பையில் அப்படியே போட்டு வைத்தேன். பையை எடுக்காமல், அதன் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எதிர்வீட்டுப் பாட்டி பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கிண்ணங்களை என் சிங்க்கிலேயே கழுவினார், ஒவ்வொன்றாகச் செய்தித்தாளில் சுற்றினார், ஒரு சிட்டிகை உப்புப் போட்டார். "கோகுரோசான்" என்றார் கிண்ணத்தைப் பார்த்து. வேலை முடித்துப் போகிறவரிடம் சொல்வது: நல்லா உழைச்சீங்க. பிறகு என்னிடம் திரும்பி, பீங்கானை எந்தக் கிழமை எந்தப் பையில் போட வேண்டும் என்று அரைமணி நேரம் வகுப்பெடுத்தார்.

நம்மூரில் ஆயுத பூஜைக்கு அரிவாள்மனைக்கும் பொட்டு வைக்கிறோம், அது வேலையில் இருக்கும் சாமானுக்கு. இவர்கள் ஓய்வு பெறுவதற்கும் சடங்கு வைத்திருக்கிறார்கள், பெயர் குயோ. டிசம்பர் 8 அன்று அராஷியாமாவில் இருக்கும் ஹோரின்ஜி கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். உடைந்த ஊசி, வளைந்த ஊசி எல்லாவற்றையும் பெரிய கொன்யாகு கட்டியில் குத்துவார்கள். கொன்யாகு நம்ம சேனைக்கிழங்கின் சொந்தக்காரக் கிழங்கில் செய்வது, தொளதொளவென்று இருக்கும். வாழ்நாள் முழுக்க முரட்டுத் துணியில் ஏறி இறங்கிய ஊசிக்குக் கடைசியில் ஒரு மெத்தை. தையல்காரம்மா ஒருவர் என் கையிலும் ஒரு ஊசி கொடுத்தார். கலர் நூல் கோத்தது. உள்ளே போகும்போது சத்தமே வரவில்லை.

எந்திரத்துக்கும் இது உண்டு. சோனியின் ஐபோ நாய் பொம்மைகளுக்கு, உதிரிபாகம் கிடைக்காமல் பழுது பார்ப்பது நின்ற பிறகு, டோக்கியோவுக்குப் பக்கத்துச் சிபாவில் ஒரு கோயிலில் புரோகிதர் வைத்து மந்திரம் ஓதினார்கள், 2015-ல்.

சரி, உங்கள் சாமான். இரண்டும் உங்களுடையது அல்ல, முதலில் வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். கேட்காமல் எறிந்தால் பேயைவிட அவர்தான் பிரச்சினை. அவர் வேண்டாம் என்றால், பொம்மையை ஹோக்யோஜிக்குக் கொடுக்கலாம். பொம்மைக் கோயில் என்றே ஊரில் பெயர், அக்டோபர் 14 அன்று அவற்றுக்கு வழிபாடு நடக்கும். கட்டணம் உண்டு. கண்ணாடிப் பெட்டியை எடுப்பார்களா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். பெட்டியை மட்டும் நீங்களே அப்புறப்படுத்துவதாக இருந்தால், அளவைப் பொறுத்துப் பெரிய குப்பையாகப் பதிவு செய்து, கன்வீனியன்ஸ் ஸ்டோரில் ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டியிருக்கும்.

குடையை மட்டும் அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். மெதுவாக விரித்துப் பாருங்கள். மூங்கில் கம்பிகள் முறியாமல் இருந்தால், எண்ணெய்க் காகிதத்தை மட்டும் மாற்றித் தருகிற குடைக்கடை இந்த ஊரில் இன்னும் இருக்கிறது. ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.