3 ஸ்பேட்ஸ் சொன்னது தப்புங்களா?

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. சனிக்கெழமை ஆனா ஈரோட்டுக்கு பிரிட்ஜ் சீட்டாட்டம் ஆடப் போயிருவமுங்க. போன வாரம் ஏலத்துல பார்ட்னர் 1 ஸ்பேட் ஓபன் பண்ணுனாரு, எனக்கு வலது பக்கத்துக்காரரு 2 ஹார்ட்ஸ், நான் 2 ஸ்பேட்ஸ், எடது பக்கத்துக்காரரு 3 ஹார்ட்ஸ், அப்பறம் ரெண்டு பாஸ் வந்து மறுபடி என்கிட்ட நின்னுச்சு. என் கை: ஸ்பேட்ல ராஜா 8 4, ஹார்ட்ல ராணி ஜாக்கி 6, டைமண்ட்ல ராஜா 10 5 2, கிளாவர்ல 9 7 3. வுட்டுக்குடுக்க மனசு வராம 3 ஸ்பேட்ஸ்னு போட்டேன், டபுள் (தோத்தா அபராதம் கூடற சவால்) வுழுந்து ரெண்டு டவுன் (சொன்னதுக்கு ரெண்டு பிடி கொறைவு), நாங்க வல்னரபிள் (அபராதம் கூடுதலா விழற நெலமை) வேற, 500 மார்க் போச்சு. பார்ட்னர் ஊரு வர்ற வரைக்கும் பேசவே இல்லீங்க. எப்பத்தானுங்க துணிஞ்சு ஏத்தறது?
- நாட்டுச் சக்கரை வியாபாரி, கவுந்தப்பாடி

பதில்: தம்பி, அந்த எடத்துல பாஸ்தானுங்க. துணிஞ்சது தப்பில்ல, ஆனா ஏத்தறதுக்கு முன்னாடி எண்ண வேண்டியது துருப்பை, அதாவது ஏலத்துல சொல்ற கலர் சீட்டை. பார்ட்னர்கிட்ட 5, உங்ககிட்ட 3, ஆக 8. 8 துருப்புக்கு 8 பிடி, அதாவது 2 லெவல் (ஏலத்துல சொல்ற எண்ணோட 6 கூட்டுனா எடுக்க வேண்டிய பிடி), அதை நீங்க மொதல்லயே சொல்லியாச்சு. 9 இருந்தாத்தான் 3 லெவல். ழான் ரெனே வெர்ன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1969ல எழுதுன கணக்குல இருந்து வந்தது இது: நம்ம துருப்பையும் அவுங்க துருப்பையும் கூட்டுனா வர்ற எண்ணிக்கைதான், அவங்கவங்க துருப்புல ஆடுனா ரெண்டு பக்கமும் எடுக்கற பிடியோட கூட்டு, ஏறக்கொறைய.

உங்க ஆட்டத்துலயே போட்டுப் பாருங்க. அவுங்களுக்கும் 8 ஹார்ட்டுன்னு வச்சா மொத்தம் 16. அவுங்க 9 எடுத்தா நமக்கு 7, ரெண்டு டவுன். அவுங்க 8ல நின்னா நமக்கும் 8, அவுங்க டவுன் ஆவ வேண்டிய எடத்துல நாம போய் டவுன் ஆவறோம். அவுங்க 3 ஹார்ட்ஸை ஆடி முடிச்சிருந்தாலும் 140தான் போயிருக்கும். வல்னரபிள்ல டபுளே இல்லாம ரெண்டு டவுன் ஆனாலும் 200. வல்னரபிள் இல்லாட்டி அதுவே 100தான், டபுள் பண்ணாம வுட்டுட்டாங்கன்னா லாபம், அப்ப கொஞ்சம் கை நீட்டலாம்.

எனக்கு ரொம்ப வருத்தம் அந்த ஹார்ட் ராணி ஜாக்கி மேலதானுங்க. ஹார்ட்ஸ் சொன்னவருக்குப் பின்னாடி நீங்க ஆடறீங்க, அவுங்க ஹார்ட்ஸ் ஆடியிருந்தா அது பெரும்பாலும் ஒரு பிடி. ஸ்பேட்ஸ் ஆடறப்ப பார்ட்னர்கிட்ட ரெண்டு ஹார்ட் இருந்தா மூணாவது சுத்துல அவரே வெட்டிக்குவாரு, உங்க ராணி சும்மா கெடக்கும். எதிராளி கலர்ல ராணி ஜாக்கி இருந்தா அது பாஸ் பண்ணச் சொல்ற கை.

அதே 9 பாயிண்ட்டுல (படச்சீட்டுகளோட மதிப்பைக் கூட்டுன கணக்கு) ஸ்பேட் 4, ஹார்ட் ஒத்தைச் சீட்டுன்னு வந்திருந்தா, யோசிக்காம 3 ஸ்பேட்ஸ் சொல்லுங்க. அவுங்க 2 ஹார்ட்ஸ்லயே நின்னு ரெண்டு பாஸ் வந்தா, ஜோடி ஆட்டத்துல அப்படியே வுட்டுறாதீங்க, ஏதாச்சும் சொல்லி 3க்கு ஏத்தி வுடுங்க, அங்க நான் வல்னரபிள்னாலும் பெருசா பயப்படறதில்ல.

பார்ட்னர்கிட்ட நீங்களே மொதல்ல பேசிருங்க. 3 ஹார்ட்ஸுக்கு அவரு பாஸ் சொன்னதே 5க்கு மேல ஸ்பேட் இல்லீங்கறதுக்கான தாக்கல், 6 இருந்திருந்தா அவரே ஏத்தியிருப்பாரு, அதை அவருகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டு முடிவு பண்ணி வச்சுக்குங்க, வர்ற சனிக்கெழமைக்கு முன்னாடியே.