சாம்பல் பூத்த இமையும் சொட்டு நீலக் கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 28, மாநிறம். பள்ளி நாளிலிருந்தே என் மேல் இமைகள் இரண்டும் முகத்தைவிடக் கறுத்திருக்கும். அம்மாவுக்கும் சித்திக்கும் அப்படித்தான். நன்றாகத் தூங்கி எழுந்து போனாலும் அலுவலகத்தில் “உடம்பு சரியில்லையா?” என்று கேட்கிறார்கள். சென்ற ஆண்டு அக்காவின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு பார்லரில் மேக்கப் போட்டுக்கொண்டபோது, இமை முழுக்கக் கருமையை மறைக்கும் வெளிர் நிறக் கன்சீலரும் அதன்மேல் மினுங்கும் வெள்ளி ஷிம்மரும் பூசினார்கள். புகைப்படத்தில் இமைமேல் விபூதி பூசியதுபோல் இருந்தது. தினமும் கண்மை இடுவேன். மைனஸ் பவர் கண்ணாடியும் அணிகிறேன். ஆவணியில் அண்ணனுக்குத் திருமணம். இமையின் கருமையைக் குறைத்து, கண்ணைப் பெரிதாகக் காட்ட என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், தூத்துக்குடி.

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

‘விபூதி பூசியதுபோல்’ என்று நீங்கள் எழுதியிருப்பதிலேயே அன்று நடந்த தவறு என்ன என்பது தெரிந்துவிடுகிறது. புகை படிந்த அடுப்படிச் சுவரின்மேல் நேராக ஒரு கை சுண்ணாம்பு அடித்தால் சுவர் வெள்ளையாவதில்லை, சாம்பலாகிறது. இமைத்தோல் உடலிலேயே மிக மெல்லியது. அரை மில்லிமீட்டர் கனம்தான் இருக்கும். நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு அந்தத் தோலில் நிறமி சற்றுக் கூடுதலாகத் தங்கிவிடுகிறது. அதனடியில் ஓடும் இரத்தக் குழாய்களின் நீலமும் சேர்ந்துகொள்வதால், வெறும் பழுப்பாக இருக்க வேண்டியது பழுப்பும் நீலமும் கலந்த ஒரு மங்கலாகத் தெரிகிறது. அம்மாவுக்கும் சித்திக்கும் இருப்பதாகச் சொல்கிறீர்கள். ஆகவே இது பரம்பரையாக வந்த நிறம், தூக்கக் குறைவின் அடையாளமன்று. அந்த மங்கலின்மேல் வெளிர் கன்சீலரைப் பூசியதும் அடியிலிருந்த நீலம் வெள்ளையோடு கலந்து சாம்பலாயிற்று. வெள்ளி ஷிம்மர் அந்தச் சாம்பலுக்கு மினுமினுப்பும் கொடுத்துவிட்டது.

இதற்கான தீர்வு நம் வீட்டுத் துவைகல்லருகே பல காலமாக இருந்து வருகிறது. மஞ்சளேறிய வெள்ளை வேட்டியை நாம் சொட்டு நீலத்தில்தான் அலசுகிறோம், வெள்ளைச் சாயத்தில் முக்குவதில்லை. எதிர் நிறத்தைச் சேர்த்தால் மஞ்சள் அடங்கி, வேட்டி தானே வெளுத்துத் தெரிகிறது. இமைக்கும் இதே கணக்குதான், நிறங்கள் மட்டும் இடம் மாறும்: நீலத்தை அடக்க ஆரஞ்சு வேண்டும். ‘கலர் கரெக்டர்’ என்று கடைகளில் விற்பது இதுவே. உங்களைப் போன்ற மாநிறத்துக்குப் பீச் நிறத்துக்கும் ஆரஞ்சுக்கும் இடைப்பட்டது பொருந்தும். இன்னும் கறுத்த மேனிக்கு நல்ல அடர் ஆரஞ்சு தேவைப்படும். கரெக்டரே வாங்காமல், பளபளப்பின்றி உலரும் ‘மேட்’ வகைச் செங்கல் நிற லிப்ஸ்டிக்கைக் கொண்டு சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். உதட்டுக்கென்று செய்ததைக் கண்ணருகே பூசுவதை நான் ஊக்குவிப்பதில்லை.

பூசும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான தவறு இங்குதான் நேர்கிறது. முகம் கழுவி, லேசான மாய்ஸ்சரைசர் தடவி, ஐந்து நிமிடம் காத்திருந்து, இமையில் மிச்சமிருக்கும் பசையை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிடுங்கள். இரண்டு இமைகளுக்கும் சேர்த்து அரை அரிசி அளவு கரெக்டர் போதும். அதை மோதிர விரலின் நுனியில் எடுத்து, புறங்கையில் இரண்டு முறை தட்டிப் பாதியைக் குறைத்துவிட்டு, கண்ணை மூடியபடி இமையில் ஒற்றுங்கள். தேய்க்கக் கூடாது, மாக்கோலத்தின் ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல் விரல் பட்டும் படாமலும் போக வேண்டும். கருமை எங்கே அதிகமோ அங்கே மட்டும் வையுங்கள். பலருக்கு அது மூக்கையொட்டிய உள்மூலையிலும் இமை மடிப்பிலும்தான் இருக்கும். ஒரு நிமிடம் விட்டு, உங்கள் கன்னத்தின் நிறத்துக்குச் சமமான, சற்று மஞ்சள் கலந்த கன்சீலரை அதன்மேல் அதேபோல் மெல்லியதாக ஒற்றுங்கள். முகத்தைவிட இரண்டு படி வெளிர் நிறம் எடுத்தால் மீண்டும் அதே விபூதிதான். இளஞ்சிவப்புச் சாயல் கொண்டதும் நம் நிறத்தில் வெளிறிப்போய்த் தனியாகத் தெரியும்.

இவ்வளவு செய்த பிறகும் கருமை கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சட்டும், அதை விட்டுவிடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு மணப்பெண்ணின் இமையைக் கன்னத்தின் நிறத்துக்குக் கொண்டுவந்தே தீருவது என்று கன்சீலரை மூன்று அடுக்காக ஏற்றினேன். அதிகாலை நான்கு மணிக்குக் கண்ணாடியில் மெழுகுபோல் வழுவழுப்பாக இருந்த இமை, ஏழரை மணி முகூர்த்தத்தில் மடிப்பு மடிப்பாகக் கோடு விழுந்து, வெடித்த வண்டல் நிலம்போல் ஆகியிருந்தது. இமை ஓயாமல் மூடித் திறக்கிற உறுப்பு. அது கனமான பூச்சைத் தாங்காது. இப்போது நான் கருமையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அடக்குகிறேன். மிச்சத்தை ஐ ஷேடோவின் அடி நிறமாக வைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் இரண்டு நிறம் குழைத்து வரவழைக்க வேண்டிய ஆழம் உங்கள் இமையில் இயற்கையாகவே இருக்கிறது.

அடுத்து, பூச்சு நகராமலிருக்கப் பவுடர். வெள்ளையாகத் தெரியும் ‘டிரான்ஸ்லூசென்ட்’ பவுடரில் சிலிக்கா அதிகமிருந்தால், ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பியடித்து வெண்திட்டாகக் காட்டும். ஆகவே உங்கள் நிறத்திலேயே உள்ள காம்பாக்ட்டைச் சிறிய பிரஷ்ஷால் ஒரே ஒரு முறை தொட்டு வைத்தால் போதும். வீட்டிலேயே கைபேசியில் ஃபிளாஷ் போட்டுக் கண்ணை மூடி ஒரு படம் எடுத்துப் பார்த்துவிடுங்கள். கண்ணாடி சொல்லாத குறையையும் அந்தப் படம் சொல்லிவிடும்.

இனி கண்ணைத் திறந்து காட்டும் வேலை. தாடையை உயர்த்தாமல் கண்ணாடியை நேராகப் பாருங்கள். கண் திறந்திருக்கும்போது இமையின் எவ்வளவு பகுதி வெளியே தெரிகிறது என்று கவனியுங்கள். நன்றாகத் தெரிந்தால் மடிப்பிலேயே நிழல் நிறத்தை வைக்கலாம். மேல்தோல் இறங்கி இமையை மறைத்தால், மடிப்பில் வைத்த நிறம் முழுவதும் உள்ளே ஒளிந்துகொள்ளும். அப்போது மடிப்புக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பூச வேண்டும். நாட்டுச்சர்க்கரை நிறத்தில் மினுமினுப்பில்லாத மேட் ஷேடோ ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சுபோன்ற பிளெண்டிங் பிரஷ்ஷால் கார் வைப்பர்போல இடமும் வலமுமாக ஓட்டி, எங்கே தொடங்கியது எங்கே முடிந்தது என்று தெரியாதபடி கலைத்துவிடுங்கள். வெளிமூலையில் மட்டும் கருப்பட்டி நிறத்தைச் சிறிது வைத்து, புருவத்தின் வால்முனை நோக்கி மேலே இழுங்கள். நிறம் கீழே இறங்கினால் கண்ணும் சோர்ந்து இறங்கிவிடும்.

ஷிம்மர் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். இடமும் நிறமும்தான் பிழையாயின. வெள்ளியும் வெள்ளையும் உங்களுக்கு வேண்டாம். பழைய தங்கம், செம்பு, பீச் கலந்த பொன் ஆகியவை கறுத்த இமையின்மேல் பட்டுச்சேலையின் சரிகைபோல் உட்கார்ந்துகொள்ளும். சுண்டு விரல் நுனியால் கருவிழிக்கு நேர் மேலே, இமையின் நடுவில் ஒரே ஒரு தொடுதல் போதும். ஒளி அந்த மேட்டில் பட்டதும் கண் முன்னே வந்ததுபோல் தெரியும். மூக்கையொட்டிய உள்மூலையில் கடுகளவு பொன் நிறம் வைத்தால் இரு கண்களுக்கும் இடையே வெளிச்சம் விழும். புருவத்துக்கு அடியில் பளபளப்பு வைக்கும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம் என்பேன். அது இமையின் கருமையைத்தான் எடுத்துக்காட்டும்.

கண்மை விஷயத்தில் நான் சொல்லப்போவது உங்களுக்குக் கசக்கலாம். ஐடெக்ஸ் டப்பாவில் மோதிர விரலைத் தொட்டுக் கீழ்இமையில் அழுத்தமாக இழுத்துவிட்டால்தான் முகம் முழுமையடைந்ததாக நினைக்கும் பழக்கத்தில் வளர்ந்தவள்தான் நானும். ஆனால் ‘வாட்டர்லைன்’ என்று சொல்லப்படும் கீழ்இமையின் ஈர விளிம்பு முழுவதும் கறுப்பை நிரப்பும்போது, கண்ணின் வெண்மையைச் சுற்றி வேலி போட்டதுபோல் ஆகிறது, கண் சிறுக்கிறது. போதாததற்கு, மதியத்துக்குள் அந்த மை உருகி மேல் இமையில் ஒட்டி, ஏற்கெனவே உள்ள கருமையைக் கூட்டுகிறது. தூத்துக்குடியின் கடற்காற்றுப் புழுக்கத்தில் இது எவ்வளவு விரைவாக நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். திருமணத்தன்று மையை மேல் இமைக்கு மாற்றுங்கள். கண்ணாடியில் கீழ்நோக்கிப் பார்த்தபடி, மேல் இமை முடிகளின் வேர்களுக்கு இடையே புள்ளி புள்ளியாக வைத்து நிரப்பினால், கோடு போட்டது தெரியாமல் முடி அடர்ந்ததுபோல் இருக்கும். கீழே, ஈர விளிம்பில் தோல் நிறப் பென்சிலை ஓட்டுங்கள். சுத்த வெள்ளைப் பென்சில் நாடக மேடைக்குத்தான் சரிப்படும். மையில்லாமல் மனம் ஒப்பவில்லை என்றால், கீழ்இமையின் வெளிப்புற மூன்றில் ஒரு பங்கில் மட்டும் இமை முடிக்கு வெளியே வைத்துச் சற்றுக் கலைத்துவிடுங்கள். சுர்மா போன்றவற்றில் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், உட்பொருட்கள் அச்சிடப்படாத மை எதையும் வாங்காதீர்கள்.

இமை முடியைக் கர்லரால் வேரருகே பிடித்துப் பத்து எண்ணும்வரை வைத்திருந்து, பிறகு வாட்டர்புரூஃப் மஸ்காராவை மேல் முடிக்கு மட்டும் போடுங்கள். மஸ்காரா காய்ந்த பின் கர்லரைத் தொட்டால் முடி பிய்ந்து வரும். புருவ த்ரெட்டிங்கை இரண்டு நாள் முன்னதாகவே முடித்துக்கொண்டால் சிவப்பு அடங்கியிருக்கும்.

ஆவணிக்குள் கருமை சற்றேனும் குறைய வேண்டுமென்றால், இரவில் மேக்கப்பைத் துடைக்கும் முறையை மாற்றுங்கள். எண்ணெய் கலந்த ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்து, மை ஊறிய பின் கீழ்நோக்கி ஒரே இழுப்பில் எடுங்கள். கண்ணைக் கசக்கக் கசக்க இமைத்தோல் தடித்துக் கறுக்கும். தூசி ஒவ்வாமையால் அரிப்பு இருந்தால், அதற்கு வைத்தியம் பார்க்காமல் வேறு எதைப் பூசியும் பயனில்லை. எலுமிச்சைச் சாற்றைக் கண்ணருகே கொண்டுபோகவே வேண்டாம். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ‘வெளுக்க வைக்கும்’ களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அதை இமையில் தொடர்ந்து பூசினால் கண்ணின் உள் அழுத்தம் உயரவும் கண்புரை வரவும் கூடும். அண்மையில் திடீரென்று கருமை கூடியிருந்தாலோ, கழுத்துப் பின்புறமும் சேர்ந்து தடித்துக் கறுத்திருந்தாலோ, தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

கண்ணாடியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். மைனஸ் பவர் கண்ணை உள்ளதைவிடச் சிறிதாகக் காட்டும். ஆகவே மேல் இமைக் கோட்டையும் மஸ்காராவையும் நான் மேலே சொன்னதைவிட ஒரு பங்கு அழுத்தமாகப் போடலாம். நடுஇமைப் பொன் நிறத்தையும் கொஞ்சம் கூட்டலாம். பிளஸ் பவர் அணிபவர்கள் இதற்கு நேர்மாறாகக் குறைக்க வேண்டும். மஸ்காரா கண்ணாடியில் உரசினால் முடியை இன்னும் சற்று நிமிர்த்திச் சுருட்டிக்கொள்ளுங்கள்.

திருமணத்துக்கு முன் இரண்டு முறையாவது ஒத்திகை பாருங்கள். அதில் ஒன்று, மேக்கப்போடு நான்கு மணி நேரம் சமையலறையில் புழங்கிப் பார்ப்பதாக இருக்கட்டும். முகூர்த்தத்தன்று மணமேடைக்கு அருகேதான் நிற்பீர்கள். ஓமப் புகை எப்படியும் கண்ணைக் கலங்க வைக்கும். அப்போது கண்ணைத் துடைக்காமல், நான்காக மடித்த கைக்குட்டையின் முனையை உள்மூலையில் வைத்து, நீரை அதுவே உறிஞ்சும்வரை அசைக்காமல் பிடித்திருங்கள்.