மாத்திரையை நிறுத்துங்கள், முதலில் கருப்பையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 37 வயது. 7 வயதில் ஒரு மகள், சுகப்பிரசவம். அதன்பின் 3 வருடம் காப்பர்-டி வைத்திருந்தேன். எடுத்த பிறகு எதிர்பாராமல் தங்கிய கருவை மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கலைத்தேன். முழுதாக வெளியேறாததால் டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்தார்கள். அதிலிருந்து மாதவிலக்கு ஒரு நாள்தான், கறை போல. ஒன்றரை வருடமாக இரண்டாவது குழந்தைக்கு முயல்கிறோம். யூடியூப் பார்த்து 3 மாதம் லெட்ரோசோல் சாப்பிட்டேன். எடை 64 கிலோ. காப்பர்-டிதான் காரணமா? கலைத்த பாவமா? கணவர் பரிசோதனைக்கு வர மறுக்கிறார்.
– பெயர் வேண்டாம், கரூர்

பதில்: பாவம் பார்த்துக் கரு தங்காமல் போவதில்லை. பாதுகாப்பாக, சிக்கலின்றி முடிந்த கருக்கலைப்பு அடுத்த கர்ப்பத்தைத் தடுப்பதுமில்லை. காப்பர்-டியை எடுத்த பிறகு உங்களுக்கே கரு தங்கியிருக்கிறது, அப்புறம் என்ன சந்தேகம்? 64 கிலோவையும் விடுங்கள்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, டி அண்ட் சிக்குப் பிறகு மாதவிலக்கு ஒரே நாளாகிவிட்டது என்று, அதுதான் விஷயம். மாதாமாதம் உதிரும் உட்சவ்வு மறுபடி வளர்வது அதன் அடியடுக்கிலிருந்து. கரு தங்கியிருந்த கருப்பை மெத்தென்று இருக்கும். சுரண்டும்போது அடியடுக்கும் பெயர்ந்துவிட்டால், புண் ஆறுகையில் எதிரெதிர்ச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும். ஆஷர்மன் சிண்ட்ரோம் என்பார்கள். உதிர்வதற்குச் சவ்வு இல்லை, அதனால் ரத்தப்போக்கும் இல்லை. தேதி தவறாமல் அடிவயிறு மட்டும் வலித்துப் போக்கு வராமலிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

லெட்ரோசோல் கருமுட்டையை வளர்க்கும் மாத்திரை. உங்களுக்கு முட்டை வளரவில்லை என்று யார் சொன்னது? நடவுக்கு நிலம் இருக்கிறதா என்று பார்க்காமல் நாற்றுக்கு உரம் போட்டிருக்கிறீர்கள். இன்றே நிறுத்துங்கள். கருக்கலைப்பு மாத்திரையையும் இப்படித்தான் ஸ்கேன் இல்லாமல் விழுங்கினீர்கள். அந்தக் கரு குழாயில் தங்கியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும். நீங்களாகச் சாப்பிடலாம் என்றால் ஃபோலிக் அமிலம் மட்டும், தினம் 400 மைக்ரோகிராம்.

35 வயதைத் தாண்டியவர்கள் 6 மாதத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. நீங்கள் ஒன்றரை வருடம் போக்கிவிட்டீர்கள். இந்த மாதமே போங்கள். மாதவிலக்கின் 2 அல்லது 3ஆம் நாள் ஸ்கேனில் சினைப்பையின் சிறு முட்டைப்பைகளை எண்ணுவார்கள். ஏ.எம்.ஹெச்., தைராய்டு ரத்தப் பரிசோதனைகளும் உண்டு. ஏ.எம்.ஹெச். குறைந்திருந்தால் முட்டை இருப்பு குறைவு என்றுதான் அர்த்தம், இயற்கையாகக் கரு தங்காது என்றல்ல. அந்த ஒரு எண்ணை இணையத்தில் தேடித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 12ஆம் நாளையொட்டி இன்னொரு ஸ்கேனில் உட்சவ்வின் தடிமனைக் கேளுங்கள். 7 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மெலிவு.

ஆனால் ஒட்டலை உறுதியாகச் சொல்வது ஹிஸ்டெரோஸ்கோபிதான். மாதவிலக்கு முடிந்தவுடன் மெல்லிய கேமராவைக் கருப்பைக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். ஒட்டல் இருந்தால் அப்போதே சிறு கத்தரியால் பிரித்துவிடலாம். பெரும்பாலும் அன்றைக்கே வீடு திரும்பலாம். மீண்டும் ஒட்டாமலிருக்கச் சில நாள் உள்ளே பலூன் வைப்பதும், சவ்வு வளரச் சில வாரம் ஈஸ்ட்ரோஜன் கொடுப்பதும் வழக்கம். மறுபடி ஒட்டுவது சகஜம் என்பதால் இரண்டாவது முறையும் உள்ளே பார்க்க வேண்டிவரலாம், அதற்கு மலைக்காதீர்கள். எடுக்கும் திசுவைக் காசநோய்ப் பரிசோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். நம் நாட்டில் போக்கு குறைவதற்குக் கருப்பைக் காசநோயும் ஒரு காரணம், அதற்குச் சிகிச்சையே வேறு. கருப்பைக்குள் எட்டிக்கூடப் பார்க்காமல் ஐ.வி.எஃப். பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

முன்பு கரு தங்கியதே போதும் என்று உங்கள் கணவர் நினைத்தால், அது பழைய சான்றிதழ். இடையில் சர்க்கரை, புகையிலை, வெரிகோசீல் (விதைப்பை ரத்தநாள வீக்கம்) எது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டிருந்தால் விந்தணு அடியோடு நின்றுபோயிருக்கவும் கூடும். உங்களுக்கு மயக்க மருந்து தேவைப்படலாம், அவர் ஒரு சிறு டப்பாவில் மாதிரி கொடுத்தால் போதும்! 2 முதல் 7 நாள் உறவைத் தவிர்த்துவிட்டு லேபிலேயே கொடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் சட்டைப்பையில் வைத்து, உடல் சூட்டிலேயே, ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சாதாரண ஆணுறையில் எடுக்கக் கூடாது. ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் விந்தணு என்பது கீழ்வரம்பு. குறைந்திருந்தால் 3 மாதம் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும், புதிய அணுக்கள் உருவாக அவ்வளவு நாள் பிடிக்கும்.

டி அண்ட் சி செய்த இடத்தின் டிஸ்சார்ஜ் சீட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள். ஒட்டலைப் பிரித்தபின் கரு தங்கினால், முதல் செக்கப்பிலேயே நடந்த அத்தனையையும் சொல்லிவிடுங்கள். இப்படிப்பட்ட கருப்பையில் நஞ்சுக்கொடி சுவருக்குள் ஆழமாக வேர்விட்டுப் பிரசவத்தில் பிரியாமல் நிற்கலாம், ரத்தம் கொட்டலாம். ஸ்கேனில் அதைக் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிரசவத்துக்கு ரத்த வங்கி உள்ள மருத்துவமனையில் பதிந்துவையுங்கள்.