"வெள்ளிக்குள் முடியுமா?" - கடிதம்

ஐயா,

தாய்லாந்தின் ராயோங்கில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மேலாளராக இருக்கிறேன். கூட்டத்தில் "வெள்ளிக்குள் முடியுமா?" என்றால் எல்லாரும் தலையாட்டுகிறார்கள். வெள்ளியன்று வேலை அப்படியே கிடக்கிறது. ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார்கள். ஒருவரைக் கூட்டத்திலேயே கடிந்துகொண்டேன். மறுநாள் ராஜினாமாக் கடிதம் வந்துவிட்டது. உள்ளூர் வாடிக்கையாளர்களிடம் போட்ட பில்லுக்கும் பணம் இழுக்கிறது. எங்கே தவறு?

அன்புள்ள நண்பருக்கு,

தவறு கேள்வியில் இருக்கிறது. பத்துப் பேர் நடுவில் மேலாளர் "முடியுமா?" என்றால், "முடியாது" என்பது அவரையே மறுத்துப் பேசுவதாகிவிடும். தாய்லாந்தில் அதைச் செய்ய ஆள் கிடைக்க மாட்டார்கள். "அச்சு (மோல்டு) எப்போது வரும்? எந்த மெஷின் காலியாக இருக்கிறது? முதலில் எதை ஓட்டலாம்?" என்று கேளுங்கள். "அச்சு வியாழன்தான் வரும்" என்று ஒருவர் சொன்னால் வெள்ளி நடக்காது என்று தெரிந்துபோயிற்று. யாரும் யாரையும் மறுக்கவும் இல்லை.

கூட்டத்தில் முடிவெடுக்கலாம் என்று நம்பாதீர்கள். முந்தைய நாளே லைன் செயலியில் விவரத்தைப் போட்டுவிட்டு, பிரிவுத் தலைவரிடம் தனியாகப் பேசுங்கள். அங்கே அலுவலகப் பேச்சில் பெரும்பகுதி லைனில்தான் நடக்கிறது. மூத்தவர் இருக்கும் அறையில் இளையவர் மாற்றுக் கருத்து சொல்வது அபூர்வம். இளையவர் மனதில் இருப்பது, நெடுநாளாக வேலை செய்யும் 'பீ' (தாய் மொழியில் அண்ணன், அக்கா போன்ற மூத்தவர்) ஒருவர் வழியாகத்தான் உங்கள் காதுக்கு வரும். அப்படி ஒருவரைச் சம்பாதித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் யாரிடம் கேட்டார் என்று மட்டும் துருவாதீர்கள். அந்தச் சிரிப்பு பெரும்பாலும் சங்கடத்தில் வருவது, கேலி இல்லை.

ராஜினாமா கொடுத்தவரிடமும் அந்த மூத்தவரையே முதலில் அனுப்புங்கள். பிறகு நீங்கள் தனியாகப் பேசலாம். எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால் அவருக்கு இரண்டாம் முறை சங்கடம்.

இனி பில். இங்கே குணம் காரணமில்லை, நடைமுறைதான். பல தாய்லாந்து நிறுவனங்கள் மாதத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் பில் வாங்கும். அதை 'வாங் பின்' என்பார்கள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த மாதம்தான். காசோலை தரும் நாள் வேறு தனி. இரண்டையும் ஆர்டர் வாங்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். வரி விலைப்பட்டியலில் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, 13 இலக்க வரி எண், தலைமையகமா கிளையா என்பது எல்லாம் பிசகாமல் இருக்க வேண்டும். கிளை எண் விடுபட்டாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சேவைக் கட்டணமானால் தொகை குறைந்து வந்ததென்று சண்டைக்குப் போகாதீர்கள். 1,00,000 பாட் வேலைக்கு 7% மதிப்புக்கூட்டு வரி சேர்த்து 1,07,000. அதில் 3% வருமான வரிப் பிடித்தம் (வாடிக்கையாளரே பிடித்துக் கட்டுவது), அடிப்படைத் தொகையின் மேல், 3,000. கைக்கு வருவது 1,04,000. அந்த 3,000-க்கு '50 தவி' என்ற சான்றிதழ் தருவார்கள். அதைத் தொலைத்தால் உங்கள் வருமான வரியில் கழிக்க முடியாமல் அல்லாடுவீர்கள்.

தாய்லாந்து ஆவணங்களில் ஆண்டு பௌத்த கணக்கு: நம் ஆண்டோடு 543 கூட்ட வேண்டும். '10/12/69' என்றால் (69 என்பது 2569) 2026 டிசம்பர் 10. ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் (தாய்லாந்துப் புத்தாண்டு) விடுமுறை. பல ஆலைகள் அதற்கு முன்னும் பின்னும் சில நாள் சேர்த்து மூடிவிடும். ஏப்ரல் பில்லையும் சரக்கையும் முதல் வாரத்திலேயே தள்ளிவிடுங்கள்.