எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு லட்ச ரூபாய் திரட்டியிருக்கிறோம், எப்படிச் செலவிடலாம்?

டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்குப் பேரணி நடத்தலாமா, பேனர், துண்டுப் பிரசுரம் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுநர்களிடையே ஏழு வருடம் களப்பணி பார்த்தவன் நான். பேரணி வேண்டாம். அந்தப் பணத்தை எச்.ஐ.வி. உள்ளவர்களே நடத்தும் சங்கம் ஒன்றுக்குப் பஸ் காசாகக் கொடுங்கள்.

எய்ட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்படாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்ததே சென்னையில் எடுத்த ரத்த மாதிரிகளில்தான். 2003 வாக்கில் ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று ஊரெல்லாம் விளம்பரம் இருந்தது. சரி, ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த பிறகும் அவர் கொடுக்கும் தண்ணீரை வாங்கிக் குடிப்போமா? இதற்கு எந்தப் பேனரும் பதில் வாங்கித் தந்து நான் பார்த்ததில்லை.

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, எச்.ஐ.வி. உள்ளவர், தையல் வேலை. பக்கத்திலேயே எச்.ஐ.வி. மாத்திரை கொடுக்கும் ஏஆர்டி மையம் இருந்தும், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று அடுத்த மாவட்டத்துக்குப் போய்த்தான் மாத்திரை வாங்குவார். வாங்கியதும் டப்பாவில் இருக்கும் லேபிளைத் தண்ணீர் தொட்டுச் சுரண்டி எடுப்பார். அப்புறம் மூடியைத் திறந்து உள்ளே பஞ்சைத் திணிப்பார், பஸ் குலுங்கும்போது பைக்குள் மாத்திரை சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக. மாத்திரை இலவசம்தான், 2004 ஏப்ரலிலிருந்து அரசு கொடுக்கிறது. தினமும் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் தெரியாத அளவுக்கு வைரஸ் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் அடுத்தவருக்குப் பரவவே பரவாது. ஆனால் அன்றைய கூலி போனது போனதுதான். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மாவட்டம் தாண்டும் பஸ்ஸுக்கு உண்டு.

அதே அக்கா ஒருநாள், நூறு நாள் வேலை நடந்த இடத்தில், சாப்பாட்டு நேரத்தில் புளியமரத்தடியில் உட்கார்ந்து முப்பது பெண்களிடம் தன் கதையைச் சொன்னார். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் ஒரு பாட்டி, “நீ தொட்டதை நாங்க சாப்பிடலாமா கண்ணு?” என்று கேட்டார். “சாப்பிடலாம் அம்மாயி, தொட்டா ஒட்டாது” என்றார் அக்கா. பாட்டி தன் தூக்குப்போசியை நகர்த்தி வைத்து, “அப்ப இதுல கைய வெச்சுச் சாப்புடு” என்றார். இரண்டு பேரும் ஒரே போசியில் பழைய சோறு சாப்பிட்டதை மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மதியத்துக்கு ஆன செலவு, அக்காவின் பஸ் காசு, ஒரு நாள் கூலி, எல்லோருக்கும் டீ. இந்த மூன்றுக்கும் பில் வைக்கச் சொன்னால் எதை வைப்பது? அதனால்தான் பெரிய நிதி எதிலும் இது அடங்குவதில்லை.

வெளிநாட்டுப் பணத்தை நம்பியிருந்த காலம் வேறு. பெரிய தொண்டு நிறுவனம் வாங்கிச் சின்னச் சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020-ல் வெளிநாட்டு நன்கொடையை முறைப்படுத்தும் எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தினார்கள், அதன்பின் ஒரு அமைப்பு வாங்கிய வெளிநாட்டு நிதியை இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. களப்பணி செய்யும் சின்னச் சங்கத்துக்கு வாடகையும் சம்பளமும்தானே முக்கால்வாசிச் செலவு! 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது இன்னொரு அடி. மாத்திரைக்கு அரசுப் பணம் இருக்கிறது. ஒருவரை ஒருவர் சந்தித்துப் பேசுவதற்குத்தான் பணம் இல்லை. அதனால் உங்கள் ஒரு லட்சத்தைச் சின்னத் தொகை என்று நினைக்காதீர்கள்.

கணக்கும் போட்டுவிடுகிறேன். சங்கத்தில் மாதம் ஒரு கூட்டம், எச்.ஐ.வி. உள்ளவர்கள் 20 பேர், ஆளுக்குப் பஸ் காசு 100 ரூபாய் என்றால் வருடத்துக்கு 24,000. சாப்பாடு, டீக்கு ஆளுக்கு 80 வைத்தால் 19,200. மாதம் நான்கு பேர் மகளிர் குழு, பள்ளி ஆசிரியர் கூட்டம் என்று எங்காவது போய்ப் பேச ஆளுக்கு 500 ரூபாய் மதிப்பூதியம், அது 24,000. மீதி 32,800-ல் ஒரு சின்ன அறைக்கு வாடகை கொடுக்கலாம். பெயர்ப்பலகை இல்லாத அறையாக இருக்கட்டும், எங்களுக்கு ஒரு வீட்டுக்காரர் பலகையைப் பார்த்துவிட்டு அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார்.

ஒன்றை மட்டும் கேட்காதீர்கள், போட்டோ. ஒருமுறை பணம் கொடுத்த ஒருவர் வந்தவர்கள் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார், நாங்களும் பணத்துக்காகத் தலையாட்டிவிட்டோம். அடுத்த மாதக் கூட்டத்துக்குப் பாதிப்பேர் வரவில்லை. அதில் இரண்டு பேரைத் திரும்ப அழைத்துவர எனக்கு எட்டு மாதம் ஆனது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி, ஒருவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் அவர் நிலையை வெளியே சொல்லக் கூடாது. கூட்டத்துக்கு வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியல் சங்கத்திடமே இருக்கட்டும். உங்களுக்கு வரவு செலவுக் கணக்கு போதும்.

சங்கத்தை எங்கே தேடுவது என்றால், மாவட்ட அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகரிடம் கேளுங்கள், இல்லை எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குப் போன் செய்யுங்கள். பெண்களே நடத்தும் சங்கம் கிடைத்தால் அதற்கே கொடுங்கள். நாமக்கல்லிலிருந்து போன கௌசல்யா, அவரும் எச்.ஐ.வி. உள்ளவர், தன்னைப் போன்ற சில பெண்களோடு 1998-ல் சென்னையில் பாசிட்டிவ் பெண்கள் அமைப்பைத் தொடங்கியதும் இப்படி ஒன்றுகூடித்தான். பணம் கொடுக்கும் முன், அவர்கள் சம்மதித்தால், உங்களில் ஒருவர் அலுவலக டீ ஷர்ட் போடாமல் ஒரு மாதக் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்து, சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.