‘அமெரேசியா’ இதழை ஆய்வேட்டில் சான்றாகக் காட்டலாமா?

கேள்வி: முதுகலை வரலாறு படிக்கிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்காவின் சீனக் கொள்கை பற்றிய ஆய்வேட்டில், நியூயார்க்கில் வெளிவந்த ‘அமெரேசியா’ இதழை மேற்கோள் காட்டியிருக்கிறேன். “உளவு வழக்கில் மாட்டிய பத்திரிகை, எடுத்துவிடு” என்கிறார் வழிகாட்டி. எடுத்துவிடவா?

எடுக்க வேண்டாம். ஆனால் எந்தத் தேதியிட்ட இதழ், அதிலுள்ள செய்தி எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் வைத்திருக்கவும் வேண்டாம்.

முதலில் அந்த ‘உளவு’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ளுங்கள், ஏனென்றால் அந்த வழக்கில் உளவுக் குற்றத்துக்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. 1937-இல் பிலிப் ஜாஃபேயும் ஃபிரெடரிக் வாண்டர்பில்ட் ஃபீல்டும் தொடங்கிய இதழ் இது. ஜாஃபே வாழ்த்து அட்டை வியாபாரத்தில் சம்பாதித்தவர், கம்யூனிஸ்ட் ஆதரவாளர். ஆரம்பக் காலத்தில் ஓவன் லாட்டிமோர் போன்ற ஆசியவியல் அறிஞர்கள் ஆசிரியர் குழுவில் இருந்தார்கள். விற்பனை 2,000 பிரதிகளைத் தாண்டியதில்லை, ஆனால் வாசகர்களில் கொள்கை வகுப்பவர்கள் இருந்தார்கள்.

1945 ஜனவரி 26 இதழில் தாய்லாந்து பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த கென்னத் வெல்ஸ் என்ற அமெரிக்க உளவுத்துறை அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது: தான் எழுதிய ரகசிய அறிக்கையின் பகுதிகள் கிட்டத்தட்ட வரிக்கு வரி அச்சாகியிருந்தன! மார்ச் மாதம் ஓர் இரவில் உளவுத்துறையினர் நீதிமன்ற அனுமதி இல்லாமலே இதழ் அலுவலகத்துக்குள் புகுந்து பார்த்தபோது அரசு ஆவணங்கள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. ஜூன் 6-ஆம் தேதி ஆறு பேர் கைதானார்கள். அப்படிப் புகுந்து எடுத்ததாலேயே வழக்கு வலுவிழந்தது. கடைசியில் ஜாஃபேக்கு 2,500 டாலர், கடற்படையிலும் வெளியுறவுத் துறையிலும் வேலைபார்த்த இமானுவேல் லார்சனுக்கு 500 டாலர் அபராதம், அவ்வளவுதான். கைதானவர்களில் வெளியுறவுத் துறை அதிகாரி ஜான் சர்வீஸ் உள்ளிட்ட மூவர்மீது குற்றச்சாட்டே பதிவாகவில்லை. அப்படியிருந்தும் சர்வீஸை 1951-இல் வேலையிலிருந்து நீக்கினார்கள், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 1957 ஆகிவிட்டது. சீனக் கம்யூனிஸ்டுகளின் தளமான யெனானில் மாவோவின் ஆட்களைச் சந்தித்து, பார்த்ததைப் பார்த்தபடி எழுதியனுப்பிய மனிதர் அவர். அவருக்கு நடந்தது பெரிய அநியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஆவணங்கள் கசிந்ததுதான் இந்த இதழுக்கு மதிப்பு, அமெரிக்க அதிகாரிகள் உள்ளுக்குள் என்ன எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பதன் சாயல் இதில் கிடைக்கும். ஆனால் எதை எடுப்பது, எதை விடுவது என்று தீர்மானித்தவர் ஜாஃபே. அப்போது சீனாவை ஆண்ட சியாங் கை-ஷெக் அரசைப் பற்றி இதழ் சொல்வதை அப்படியே நம்பாமல், அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுவாரியாக வெளியிட்ட ஆவணத் தொகுதிகளில் 1944, 1945 சீனா பகுதிகளோடு ஒப்பிடுங்கள், இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. கைப்பற்றிய ஆவணங்களை செனட் துணைக்குழு 1970-இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அதன் நீண்ட முன்னுரை சர்வீஸுக்கு எதிரான வழக்குரை மாதிரி இருக்கும், அதை மட்டும் படித்து முடிவுக்கு வராதீர்கள். 1971-இல் சர்வீஸ் எழுதிய மறுப்பும் புத்தகமாக உண்டு.

இன்னொன்று, பலர் இதில் தவறுகிறார்கள்: சர்வீஸ் ஜாஃபேயைச் சந்தித்ததே 1945 ஏப்ரலில்தான். அதற்கு முந்தைய இதழ்களுக்கு அவர் தகவல் கொடுத்தார் என்று எழுதினால் தப்பு. இதழ் 1947-இல் நின்றுபோனது. எந்தத் தேதியிட்ட இதழ் என்பது முக்கியம், அதனால் அடிக்குறிப்பில் ஆண்டு மட்டும் போடாமல் இதழின் முழுத் தேதியையும் போடுங்கள்.